முத்துமாரியின் வலது கால்

முத்துமாரியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயப்படுவாள், இடிக்குப் பயப்படுவாள், பக்கத்து வீட்டுக் கோழி கூரையில் ஏறி நின்றால் அதற்கும் ஒரு கெட்ட சகுனம் கண்டுபிடித்துப் பயப்படுவாள். கம்பெனியில் சூப்பர்வைசர் இருமினால்கூடப் போதும், தைத்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். "அந்தாளு சளி புடிச்சு இருமுறான்டீ, உன்னத் திட்டறதுக்கா இருமுறான்?" என்று எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் இருந்தவரை அதைச் சொல்லாத நாளில்லை.

என் பெயர் செண்பகம். மாதனூருக்குப் பக்கத்தில் ஊர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. ஷூவின் மேல்பாகத்தை எங்கள் பக்கம் அப்பர் என்போம். மெஷினில் தைத்து வரும் ஒவ்வொரு அப்பரையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விலகியிருந்தால் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என்னைக் கண்டால் தையல்காரிகளுக்கு ஆகாது. முத்துமாரிக்கு மட்டும் ஆகும். ஏனென்றால் அவளுடையதில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதே அபூர்வம்.

அவள் காவேரிப்பாக்கத்துப் பெண். ஏரிக்கரையில், கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும் வண்டலில் வளர்ந்தவள். வசந்தைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்த புதிதில், "இன்னாக்கா இது, உங்க ஊர்ல மண்ணே கெடையாதா? எங்க பாத்தாலும் கல்லாவே கீது," என்று கேட்டாள். பொய்யில்லை. ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்று, யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோனது மாதிரி நிற்கும். சித்திரையில் அந்தப் பாறைமேல் உள்ளங்கையை வைத்தால் தோல் உரிந்துவிடும். இடுக்கில் கொஞ்சம் சரளை மண், அதில் சீமைக்கருவேலமும் காரைமுள்ளும். வேறு என்ன உயிர் அதில் இருக்கப் போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வசந்த் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பையன், ஆனால் வண்டி ஓடும் நாளைவிட நிற்கும் நாள் ஜாஸ்தி. அந்தக் குடும்பம் நின்றது முத்துமாரியின் மெஷினில்தான். மகள் சௌந்தர்யா பத்தாவது படித்தது, வீட்டுக்குத் தளம் போட்டது எல்லாம் அந்த மெஷினில் வந்தது. மெஷினில் உட்கார்ந்தால் மட்டும் அவளிடம் பயம் இருக்காது. தோலை ஊசிக்கடியில் வளைத்துத் திருப்பும்போது பெடலைக் கொஞ்சமாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, அந்த வலது கால் செய்கிற வேலையைப் பார்க்கவே நன்றாக இருக்கும். "எல்லாரும் கை தைக்குதுன்னு நெனைக்கறாங்கக்கா. காலுதான் தைக்குது," என்பாள்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்குக் குன்றின்மேல் அம்மனுக்குப் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வருஷம் முழுக்க ஊர் உலகத்துக் காலுக்கெல்லாம் ஷூ தைக்கிற ஊரில், அன்று ஒருத்தி காலிலும் ஒன்றும் இருக்காது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அம்மன் இருக்கிற இடத்துக்குச் செருப்போடு ஏறுகிறவர்கள் யார்? அப்படி ஒரு ஆடியில், பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும்போது முத்துமாரியின் வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. பாறைமேல் உட்கார்ந்து பிடுங்கினாள். பாதிதான் வந்தது. மீதியைத் தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கால் நோண்டி எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

மறுநாள் கம்பெனியில் அவள் செய்ததை எங்கள் லைனில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். சொலூஷன் டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து, முள் குத்திய ஓட்டையில் ஒரு சொட்டு வைத்தாள். தோலையும் தோலையும் ஒட்டுகிற பசை அது. விரல் வெட்டினாலும், குதிகால் வெடித்தாலும் எங்களுக்கு முதல் வைத்தியம் அதுதான். சுரீர் என்று ஓர் எரிச்சல், அப்புறம் காயம் கம்மென்று மூடிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது, வேலை கெடாது. உள்ளே என்ன போயிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அதற்கப்புறம் அந்த முள்ளை அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

அடுத்த வருஷம் வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அஃப்ரோஸ், இறங்கியதும் என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அஃப்ரோஸ் எங்கள் லைனில் பசை பூசுகிற பெண், வெடுக்கென்று பேசுவாளே தவிர மனசு தங்கம்.

"செண்பகம்க்கா, முத்தக்கா செருப்பு ஈரமா இருக்குது. மழையும் இல்ல, தண்ணியும் இல்ல. ஏதோ வாசன வேற வருது. நீ கேளு. நான் கேட்டா பேஜாரா பூடும்."

பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய், "காட்டுடீ," என்றேன். "ஒண்ணும் இல்லக்கா," என்று புடவையைக் கீழே இழுத்தாள். நான் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துத் திருப்பினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! உள்ளங்கால் நடுவில் பன் மாதிரி உப்பியிருந்தது. அதில் சின்னச் சின்ன வாயாக மூன்று நான்கு ஓட்டை. ஒவ்வொன்றிலும் பிசுபிசுவென்று நீர். அந்த நீரில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்கு, கசகசாவைக் கரியில் புரட்டி எடுத்த மாதிரி.

"இன்னாடீ இது? தோல் தூளா?"

"தொடைச்சா மறுபடியும் வருதுக்கா. வெளிய ஒட்டுனது இல்ல. உள்ள இருந்து வருது."

"வலிக்குதா?"

"இல்லக்கா. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? வலிக்கவே இல்லியே, அதான் பயமா கீது."

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "எத்தன மாசமாடீ இத மூடி வெச்சிருக்க? பல்லிக்குக் கத்தறவ, இதுக்கு ஊரக் கூட்டியிருக்க வேணாமா?" என்று கத்தினேன். அவள் என் வாயைக் கையால் பொத்தினாள். தைப் பொங்கலுக்கு முந்தியே ஒரு கட்டி தெரிந்ததாம். பெரிசாகிக்கொண்டே போனதாம். இப்போதுதான் வாய் திறந்ததாம். வசந்திடம்கூடச் சொல்லவில்லை. "வெளிய தெரிஞ்சா மெஷின விட்டு எழுப்பிடுவாங்கக்கா. அப்புறம், இது... அதுவா இருக்குமோன்னு..." என்று நிறுத்தினாள்.

அது என்றால் எது என்று எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், விரலை மடக்கி, மழுங்கிப்போனது மாதிரி காட்டுவதோடு சரி. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான்கு நாளுக்குள் பஸ் முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு. முத்துமாரி ஏறினால் இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர்வரை நின்றே வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அஃப்ரோஸ் என்னைப் போலக் கத்தவில்லை. பேசாமல் போய் முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்து, தன் சாப்பாட்டு டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு, "நான் ஒக்கார்றேன். நிக்கிறவங்க நல்லா காத்து வாங்கிட்டு வாங்க," என்றாள்.

முத்துமாரி அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. வசந்தும் நானும் அவளை நடுவில் விட்டுக் கூட்டிப்போனோம். பார்த்தது ஒரு டாக்டரம்மா, நடு வயது, நிதானமான பேச்சு. கையுறை போட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டையில் ஒன்றை லேசாக அழுத்தி, வந்த கறுப்புத் துணுக்கை ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்தார். முத்துமாரியைப் பார்த்து முதலில் அதைத்தான் சொன்னார்: "நீங்க பயப்படற நோய் இது இல்லம்மா."

வசந்த் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். எனக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை.

"செருப்பில்லாம கல்லு முள்ளுல நடந்தீங்களா? முள்ளு ஏதாவது குத்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

முத்துமாரி ஆடி வெள்ளியைச் சொன்னாள். சொலூஷன் வைத்ததையும் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஷூ ஒட்டற சொலூஷனா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார்: "அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சோப்புப் போட்டுக் கழுவ வேண்டிய காயம் அது. முள்ளு நுனியில பாறை மண்ணு ஒட்டியிருந்திருக்கும். அந்த மண்ணுல இருந்த ஏதோ ஒண்ணு உள்ள போய் மெதுவா வளருது. அவசரமே படாது. வலியும் ஜாஸ்தி காட்டாது. இந்த மாதிரி வீக்கம் பாக்டீரியாவாலயும் வரும், பூஞ்சையாலயும் வரும். பாக்டீரியான்னா மாத்திரையில கரைச்சிடலாம். துணுக்கு கறுப்பா இருக்கறதப் பாத்தா பூஞ்சை மாதிரிதான் தெரியுது. பூஞ்சையிலயே பல ஜாதி. எந்த ஜாதின்னு வளர்த்துப் பாத்துத்தான் முடிவு சொல்லணும்."

"பூஞ்சைன்னா இன்னா பண்ணுவீங்க மேடம்?" என்றான் வசந்த்.

"நாள்பட மாத்திரை. எலும்புக்குள்ள போயிருந்தா ஆப்பரேஷன். கால எவ்வளவு காப்பாத்த முடியும்னு அப்பதான் தெரியும்."

பூஞ்சையை எங்களுக்குத் தெரியாதா? ஐப்பசி கார்த்திகையில் குடோனில் அடுக்கிய தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூக்கும். துணியால் துடைத்து, மருந்து தடவி, மின்விசிறியைப் போட்டால் போயிற்று. மாட்டுத் தோலில் வந்தால் துடைத்துவிடலாம், மனுஷியின் தோலுக்குள் வந்தால் எந்தத் துணியால் துடைப்பது? படம் எடுத்தார்கள், ஊசி போட்டு மரத்துப்போக வைத்து உள்ளே இருந்து சதையும் துணுக்குமாகக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். வளர்ந்து வரப் பல வாரம் ஆகும், காத்திருங்கள் என்றார்கள்.

கட்டுப் போட்ட காலுக்குப் பழைய செருப்பு நுழையவில்லை. தளர்வாக ஒன்று வாங்க லாங் பஜாருக்குப் போனோம். அந்த நெரிசலில் முத்துமாரி கடை எதையும் பார்க்கவில்லை. போகிற வருகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டியை வெறுங்காலோடு ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். "அவருக்கு ஏன்க்கா வரல? வருஷா வருஷம் ஊரே ஏறுதே, ஒருத்தருக்கும் வரல. என் கால மட்டும் எதுக்குத் தேடிப் புடிச்சுது?" என்றாள். நான் ஊருக்கே பதில் சொல்கிறவள். ஒரு ஸ்கூட்டர்காரனை, ஒதுங்கிப் போகத் தெரியாதா என்று திட்டிவிட்டு அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் ஜோயா என்று ஒரு பெண். வாணியம்பாடிக்காரி, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பாறைக்காட்டு மண்ணில் என்னென்ன பூஞ்சை வாழ்கிறது என்பதுதான் அவள் படிப்பாம். முள் குத்திய இடத்து மண் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"மண்ணுக்கு இன்னாமா பஞ்சம்? எங்க ஊர்ல அது ஒண்ணுதான் கீது," என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். போகும்போதுதான் தெரிந்தது வீராப்பின் லட்சணம்.

காலை வெயில் ஏறுமுன் வசந்தும் நானும் குன்றடிக்குப் போனோம். பழக்க தோஷத்தில் அவன் செருப்பைக் கழற்றினான்.

"போடு வசந்து, செருப்ப."

"அம்மன் கோச்சிக்கும்க்கா."

"கோச்சிக்கட்டும். அதுகிட்ட நான் பேசிக்கறேன். உன் பொண்டாட்டி கால் மாதிரி உன் காலையும் பாக்க என்னால முடியாது."

சொல்லிவிட்டேனே தவிர, செருப்போடு முதல் பாறையில் கால் வைத்தபோது எனக்கு உடம்பே கூசியது. "தாயே, மன்னிச்சிக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சின்ன வயசிலிருந்து குதித்து ஏறிய குன்று. அன்றைக்கு ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். பாறை நெடுக வெளிறிய பச்சையில் பொருக்குப் பொருக்காகப் படர்ந்திருக்கும். கறுப்புக் கறுப்பாகத் திட்டும் இருக்கும். பொங்கல் அடுப்புக் கரி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்தப் பொருக்கும் உயிர்தான், அந்தக் கறுப்பிலும் பாதி உயிர்தான் என்று ஜோயா சொல்லி அனுப்பியிருந்தாள். செத்துக் கிடக்கிறது என்று நம்பிய ஒன்று நம் காலடியில் மூச்சு விடுகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். காற்றில் கொஞ்சம் தூசி எழுந்தாலும் பின்னால் நகர்ந்தேன். கருவேலத்தடியில் ஒரு கரண்டி, பாறை இடுக்கில் ஒரு கரண்டி என்று வசந்த் எடுத்துப் போட, நான் பிளாஸ்டிக் பையின் வாயைப் பிடித்திருந்தேன். பாதி வெளியே கொட்டியது. இரண்டு பேரும் இறங்கினோம்.

அடுத்து வந்த வாரங்கள் எதிரிக்கும் வேண்டாம். முத்துமாரி வேலைக்கு லீவு போடவே இல்லை. "ஒக்காந்து செய்யற வேலதானேக்கா" என்று, சூப்பர்வைசரிடம் முள் குத்திய காயம் என்று சொல்லிவிட்டு, கட்டோடு வந்தாள். வீட்டில்தான் அவள் ஆட்டம் கண்டிருந்தாள். சௌந்தர்யா வாசலுக்குச் செருப்பில்லாமல் இறங்கினால் ஓடிப்போய் இழுத்து வந்து உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அந்தப் பெண் எரிகிறது என்று அழுதாலும் விட மாட்டாள். வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிட்டாள். முற்றத்தில் வைத்திருந்த துளசிச் செடியைத் தொட்டியோடு தூக்கி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், வேரில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு, கீரைக்கட்டை அப்படியே வீசிவிட்டு எழுந்து நின்றாள்.

"எது மேலயும் கால் வைக்க முடியலக்கா. பூமிமேலதானே நடக்கணும்? எங்க போறது நான்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளைக் கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. நானும் அந்த வாரம் முழுக்க என் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வரச் சொல்லி போன் வந்தது. மறுபடி மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா வேறொரு நோயாளியோடு இருந்ததால், அதுவரை ஜோயா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். மேஜைமேல் வட்ட வட்டமாக மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். எங்கள் குன்று மண்ணில் ஒரு சிட்டிகை தூவி வளர்த்ததாம். நான் ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தேன். ஒன்றில் பச்சைத் தூள், ஒன்றில் பஞ்சு மாதிரி வெள்ளை. வெல்வெட் துணி மாதிரி கறுப்பு, ரோஸ், காவி, சாம்பல் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

"அல்லாம் எங்க மலையிலயா?" என்றேன்.

"இது கொஞ்சம்தான்க்கா. இன்னும் எவ்வளவோ தட்டுல வளராம இருக்கும்," என்றாள் ஜோயா. "அந்த வெயில்ல, தண்ணியில்லாத எடத்துல பொழைக்கணும்ல, அதான் நெறைய ஜாதி கறுப்பா இருக்கு. கறுப்புதான் அதுக்குக் குடை. இதுங்க முக்கால்வாசி நம்மள ஒண்ணும் பண்ணாது. பாறையக் கரைச்சு மண்ணாக்கும். செடியோட வேர்ல ஒட்டிக்கிட்டு அதுக்குத் தண்ணி தேடித் தரும். இதுங்க இல்லன்னா அந்தப் பாறையில ஒரு புல்லு மொளைக்காதுக்கா."

அவள் அதை ஆசையோடு சொன்னாள். பிள்ளைகளைக் காட்டுவது போல ஒவ்வொரு தட்டாகக் காட்டினாள். எனக்குக் கோபமும் வரவில்லை, அந்த ஆசையும் வரவில்லை. முத்துமாரி மட்டும் மேஜைக்கு மிக அருகில் போய், குனிந்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மகளின் வகுப்பில் எந்தப் பிள்ளை அவளை அடித்தது என்று தேடுகிற தாய் மாதிரி பார்த்தாள்.

"இதுல என்னுது எது?" என்று கேட்டாள்.

ஜோயா கொஞ்சம் தயங்கினாள். அலமாரியிலிருந்து தனியாக ஒரு தட்டை எடுத்து வந்தாள். பழுப்பில் ஒரு மேடு. தோல் சுருங்கின மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. "இதுதான்க்கா. உங்க கால்ல இருந்து எடுத்தது. ஆனா உங்க ஊரு மண்ணுல இது வரவே இல்ல. நாலு தடவ போட்டுப் பாத்தேன். இருக்கும், ஆனா மண்ணுல இருந்து இது லேசுல தட்டுக்கு வராது."

முத்துமாரி அந்த மூடியை விரலால் தொடாமல் தொட்டாள். "மண்ணுல இருந்து வளர மாட்டேங்குது. என் கால்ல நல்லா வளருது," என்றாள்.

ஜோயா சட்டென்று தட்டை உள்ளே வைத்தாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டியிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "பூஞ்சைதான். நான் நெனைச்ச ஜாதிதான். மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கறோம். ஒரு வருஷமோ, மேலயோ சாப்பிடணும். நடுவுல நிறுத்தக் கூடாது." பேனா முனையால் படத்தில் காட்டினார். விரல்களுக்குப் பின்னால் இருக்கிற எலும்புகளில் பூச்சி அரித்த மரம் மாதிரி ஓட்டைகள். "இங்க எலும்புக்குள்ள போயிருக்கு. மாத்திரையில கொஞ்சம் சுருங்கினதும் முன்பாதத்த எடுத்துடலாம். இப்ப எடுத்தா குதிகால் மிஞ்சும், நடக்கலாம். தள்ளிப் போட்டா முழங்காலுக்குக் கீழ வரைக்கும் போகலாம். நான் உங்கள பயமுறுத்தறதுக்குச் சொல்லலம்மா."

வசந்த் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து டாக்டரம்மாவின் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டான். "வேற வழி பாருங்க மேடம், கையெடுத்துக் கும்புட்றேன். இவ மெஷின்ல ஒக்கார்றவ. வலது கால்லதான் மெஷினே ஓடுது. அந்தக் கால் போச்சுன்னா இவ வாழ்க்கையே போச்சு மேடம். எங்க பொண்ணு படிப்பு போச்சு..."

"அழாதீங்க," என்றார் டாக்டரம்மா. முத்துமாரி பக்கம் திரும்பினார். "மெஷின் பெடல வலது கால்லதான் மிதிக்கணும்னு இல்லியேம்மா. கொஞ்ச நாள் பழகினா இடது கால்ல வரும். கஷ்டமாதான் இருக்கும். நான் கம்பெனிக்கு லெட்டர் எழுதித் தர்றேன்."

முத்துமாரியின் கை என் கைக்குள் இருந்தது. ஐஸ் மாதிரி சில்லிட்டு, உதறிக்கொண்டே இருந்தது. ஆனால் குரல் உதறவில்லை.

"லெட்டர் வேணாம் மேடம். பொங்கல் முடிஞ்சதுல இருந்து நான் இடது கால்லதான் மிதிக்கறேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"கட்டி வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு மேடம், இந்தக் கால் எனக்கு நிக்காதுன்னு. யாராண்ட சொல்றது? சொன்னா மெஷின விட்டு எழுப்பிடுவாங்க. அதான், வலது கால செருப்புலயே வெச்சிட்டு, இடது கால்ல பழகினேன். மொதல்ல ரொம்ப பயமா இருந்துச்சு. கோடு கோணிக்கும், பிரிச்சு மறுபடி தைப்பேன். இப்ப வருது."

அவள் தைத்த ஒவ்வொரு அப்பரும் என் மேஜைக்குத்தான் வந்தது. பொங்கலிலிருந்து நேற்றுவரை ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நான். ஒரு தையல் விலகவில்லை. ஒரு ஸ்டிக்கர் ஒட்டவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கால் பிழைக்குமா பிழைக்காதா என்று வேண்டிக்கொண்டிருந்த நாளெல்லாம், அவள் அதை எப்போதோ வழியனுப்பிவிட்டு, பயந்து நடுங்கிக்கொண்டே, ஒருத்தியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்த் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுக்கணும்னு சொல்லுங்க மேடம்," என்றாள் முத்துமாரி. "கம்பெனியில லீவு சொல்லணும்."